வாரநாட்களில் காலியாக இருந்த அலைவரிசை

நம் பிள்ளை தியாமிகேயின் அம்மாவுக்கு,

நீ உன் அப்பா வீட்டுக்குப் போய் ஐந்து வாரமாகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதில் வேலை விஷயம் மட்டும்.

ஞாயிறன்று உன் அப்பாவின் பிரசங்கத்தை இரைச்சலாக்கியது நான்தான். மருத்துவமனைக் கூரையில் நான் வைத்த பெட்டி, தொலைக்காட்சிக்கான அலைவரிசைகளில் காலியானதைக் கேட்டறிந்து இரவல் வாங்கும். ஸோம்பா நகரத்து டாக்டருக்கு ஸ்கேன் படங்கள் அதில்தான் போகின்றன. திங்கள் முதல் வெள்ளி வரை கேட்டேன். நிசப்தம். காலி என்று எழுதிக்கொண்டேன். தேவாலயத்தின் கம்பியில்லா மைக் ஞாயிறு மட்டும் அங்கே பேசும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போதகரின் மருமகன் நான்!

"என்ன மாப்ளே, உன் பெட்டிக்கு ஞாயித்துக்கெழம காது கேக்காதா?" என்றார் உன் அப்பா. சபையே சிரித்தது. பிறகு தனியாக, "அடுத்த ஞாயித்துக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா கழட்டிடு" என்றார். அவர் பக்கத்தில் நின்ற நீ வேறெங்கோ பார்த்தாய்.

கழற்ற வேண்டியதில்லை. பெட்டிக்கு நான்கு ஆன்டெனாக்கள். மைக் இருக்கும் திசை தெரிந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் அமைதியாக விட்டுவிடும். ஆனால் ஒருமுறை அது மைக்கைக் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மைக்கைப் போட்டுப் பேசுவாயா? உன் அப்பாவும் பேசலாம்தான். நீ பேசு. நான் கூரையில் ஹெட்ஃபோனோடு இருப்பேன். எதையாவது சொல். திட்டு.

கேட்கும்போது பெட்டியால் எதையும் அனுப்ப முடியாது. நானும் இந்த முறை குறுக்கே பேசமாட்டேன்.

கூரையில் இருப்பவன்