வீடியோவின் இரண்டாம் பாதியில் நான் எழுந்துவிடுகிறேன்

அனுப்புநர்:
அ. சிக்கந்தர்,
மெத்தை, தலையணை தைப்பவர்,
கோட்டைமேடு, கோயம்புத்தூர்.

பெறுநர்:
வாக்காளர் விழிப்புணர்வுப் பிரிவு அலுவலர் அவர்கள்,
தேர்தல் அலுவலகம், கோயம்புத்தூர்.

பொருள்: ஓட்டுப் போடாமல் தூங்குகிறவன் என்று இணையத்தில் என்னைக் காட்டும் வீடியோவின் மீதிப் பாதியை எடுத்து வெளியிடவும், என் மகள் என்னோடு ஓட்டுப் போட வருவதற்கு வழி செய்யவும் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. மேற்படி முகவரியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் நான், வயது வந்த நாள் முதல் எந்தத் தேர்தலையும் விட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். மச்சினன் கல்யாணத்தன்று பந்தியை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். வியாபாரிகள் சங்கத் தேர்தலில் போட்டியே இல்லை என்று தெரிந்தும் போய் நின்று, "இன்னைக்கு ஓட்டே இல்லீங்க, ஊட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டவன் நான்.

2. கடந்த மாதம், "முதல் ஓட்டு" என்ற பெயரில் இணையத்தில் வீடியோ போடும் கல்லூரிப் பிள்ளைகள் என் கடைக்கு வந்தார்கள். வாக்குப்பதிவு நாளில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் திடுக்கிட்டு எழுந்து, ஓடிப்போய், கடைசி ஆளாக ஓட்டுப் போடுவதுதான் கதை என்று அவர்களின் தலைவி தேஜா விளக்கினார். நாட்டுக்கு நல்லதாயிற்றே என்று ஒப்புக்கொண்டேன். மதியம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு நான் புதிதாகத் தைத்த இலவம்பஞ்சு மெத்தையில் படுத்து, தூங்குவது போல் கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினேன். அதற்குப் பின் நடந்தது எதுவும் எனக்கு நேரடியாகத் தெரியாது.

3. பக்கத்துக் கடைக்காரர் அக்பர் அலி சொல்லித்தான் மீதி தெரிந்தது. நான் துள்ளி எழ வேண்டிய இடத்தில் எழவில்லை. தேஜா அருகில் வந்து, "ஏனுங்ணா… எந்திரிக்கற சீனுங்ணா…" என்று, கொசுவுக்குக்கூடக் கேட்காத குரலில் கூப்பிட்டிருக்கிறார். ஒரு அதட்டல் போட்டிருந்தால் எழுந்திருப்பேன். அந்தப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் அப்படி வளர்க்கவில்லை. "பாவமுங்க, அசந்துபோட்டாரு, எழுப்ப மனசு வரலீங்க" என்று சொல்லி, ஃபேனை ஒரு நம்பர் கூட்டி வைத்து, கடையை அக்பர் அலியின் பொறுப்பில் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மரியாதையாலும் ஒரு மனிதனின் மானம் போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

4. மீதியை மறுநாள் எடுப்பதாக ஏற்பாடு. ஆனால் அன்று மாலையே, முதல் பாதியை மட்டும் "இவரைப் போல இருந்துவிடாதீர்கள்!" என்ற வரியோடு வெளியிட்டுவிட்டார்கள். அதில் வரும் குறட்டை முழுவதும் என் சொந்தக் குறட்டை. மதுக்கரை முதல் கொடுமுடி வரை அதைக் கேட்காத செல்போன் இல்லை. தங்கள் அலுவலகப் பக்கத்திலும் பகிர்ந்திருக்கிறீர்கள்; அதற்குக் கைதட்டும் படம் வேறு. மீதிப் பாதியைக் கேட்டுப் போனபோது தேஜா, "மொதப் பாதியே சூப்பரா ஓடுதுங்ணா. இனி நீங்க எந்திரிச்சா யாரும் பாக்க மாட்டாங்க" என்று மிகுந்த பணிவோடு சொல்லிவிட்டார்.

5. வெள்ளகோவிலிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு தம்பதி, "ஓட்டையே மறக்கடிச்ச மெத்தை எதுங்க?" என்று கேட்டு, அதுதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிப் போனார்கள். வியாபாரம் கூடியிருப்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) நடக்கும்போது நான் கண்ணை மூடி யோசித்தால்கூட இரண்டு பக்கத்திலிருந்தும் தட்டுகிறார்கள். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த அம்மையார் என்னைப் பார்த்ததும், "முழிச்சுட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்த சிரிப்பில், என் பேருக்கு நேரே போட வேண்டிய டிக்கை அடுத்த வீட்டுக்காரர் பேருக்கு நேரே போட்டுவிட்டுப் பிறகு திருத்தினார்.

6. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான். என் மகள் நிலோஃபர் இந்த ஆண்டு முதல் முறையாக ஓட்டுப் போடப் போகிறாள். சின்ன வயதில் என்னோடு வாக்குச்சாவடிக்கு வந்து, தனக்கும் மை வேண்டும் என்று அழுவாள். துணியில் குறி போடும் நீலப் பென்சிலால் அவள் விரலில் கோடு இழுத்துக் கூட்டி வருவேன். உனக்கு ஓட்டு வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம் என்று அன்றிலிருந்து சொல்லி வைத்திருந்தேன். இப்போது அவள் கல்லூரியில் பாதிப்பேருடைய செல்போனில் ரிங்டோனே என் குறட்டைதான். போன வாரம் அவள், "அத்தா, நான் அம்மாகூடப் போய்க்கறனுங்க. நீங்க பொறவு தனியா வாங்க" என்று சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் மனம் நோகக் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள். அன்று இரவு, இத்தனை மெத்தைகள் உள்ள வீட்டில், எனக்குத் தூக்கம் வரவில்லை.

7. ஆகவே தாங்கள் தயவு கூர்ந்து, மீதிப் பாதியை எடுக்கும்படி அப்பிள்ளைகளுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். இம்முறை வெறும் பலகையில் படுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். விழிப்புணர்வு வீடியோ எதையும் பாதியில் வெளியிடக் கூடாது என்று தேர்தல் விதிகளில் ஒரு வரி சேர்க்க மேலிடத்துக்குப் பரிந்துரைத்தால், வருங்காலத்தில் என்னைப் போன்றவர்கள் பிழைப்பார்கள்.

8. இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் வீடியோவே வேண்டாம். வாக்குப்பதிவு அன்று காலை, தங்கள் அலுவலர் யாரேனும் ஒருவரை எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைத்தால் போதும். அவர் ஆண்கள் வரிசைக்கும் பெண்கள் வரிசைக்கும் நடுவில் நின்று, என்னைப் பார்த்து, "வாங்க, எப்பவும் போல மொத ஆளா வந்துட்டீங்களாட்ட?" என்று, பெண்கள் வரிசையில் நிற்கும் நிலோஃபர் காதில் விழுகிற மாதிரி, கொஞ்சம் சத்தமாக ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

கோயம்புத்தூர்,
16.02.2026.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக விழித்திருக்கும்
(ஒப்பம்) அ. சிக்கந்தர்