பங்குக் கிணற்றடியில் உன் ‘கண்ணு’

என் உயிரில் பாதியான அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, உன் தோட்டத்தில் ரத்தம் விழுந்துவிட்டது. பயப்படாதே, யாரும் சாகவில்லை. நான் இருந்தேனே!

உன் மகன் கதிர்வேலும் உன் கொழுந்தன் மகன் செந்திலும் பங்குக் கிணற்றடியில் மோதிக்கொண்டார்கள். பொழுது விடிந்தால் தண்ணீர் முறை மாறும், உனக்குத் தெரியாததா? அன்று நம் முறை. செந்தில் மோட்டாரை நிறுத்தவில்லை. “நேத்து ரண்டு மணி நேரம் கரண்டு இல்லீல்ல, அத ஈடு கட்டறேன்” என்றான். கதிர்வேல் அரிவாளை எடுத்து ஓஸ் குழாயை ஒரே வெட்டாக வெட்டினான். செந்தில் மம்பட்டியைத் திருப்பி அவன் இடது தோளில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எருத்தேன்பதி ஊர் முழுக்கக் கேட்டது.

நான் பாய்ந்து பத்துப் பேரைத் தூக்கி வீசினேன். சரி, உன்னிடம் எதற்கு? இருந்ததே இரண்டு பேர்தான், வீசவும் இல்லை. குறுக்கே போன என் முன்கையில் அரிவாள் இறங்கியது. கதிர்வேல் அதைக்கூடப் பார்க்கவில்லை. செந்திலை மண்டை உடைய வாய்க்காலில் தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கழுத்துக்கு ஓங்கிவிட்டான். “டேய் தடிமாடு, உடுறா!” என்று கத்தினேன். அவன் காதில் ஏறவில்லை.

அப்போது சரசு ஓடி வந்தாள். ஆமாம், உன் ஓரகத்தி, செந்திலின் அம்மா. பன்னிரண்டு வருடம் உன்னோடு பேசாதவள், உன் சாவன்றும் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றவள்.

“கண்ணு! வேண்டாங்கண்ணு! என்ற சாமி, கீழ போடு கண்ணு!”

தன் மகனிடம் அல்ல அக்கா, உன் மகனிடம். அரிவாள் நழுவியது. கதிர்வேல் சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

கண்ணு என்றால் என்ன? எட்டாவது வரை படித்தவன், நான் சொல்கிறேன். நீ எருமையையும் கண்ணு என்பாய், என்னையும் கண்ணு என்பாய். விளக்குமாற்றால் விளாசும்போதும் “ஏங்கண்ணு இப்பிடிப் பண்றே?” என்பாய். உன்னை விட மாட்டேன் என்பதுதான் அதன் பொருள். இதற்கு அகராதி எதற்கு?

கடைசியாக என் கையைப் பிடித்து, “நான் போனா அவன கண்ணுன்னு கூப்புட ஆளில்லடா, நீ கூப்புடு” என்றாய். மீசை வைத்தவன் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டேன். அதனால்தான் அரிவாள் வரைக்கும் போனதோ?

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்தார். காட்டுப்பன்றி முட்டியது என்றேன். “மூணு பேரையும் ஒரு பன்னியோ?” என்றார். “ஏழுங்க சார்” என்றேன். பக்கத்தில் நின்ற சரசு, “எட்டுங்க” என்றாள். கேசு இல்லை.

நேற்று கதிர்வேலிடம் சொல்லிப் பார்த்தேன். “கண்ணு, சாப்ட்டியா?” கட்டுப் போட்ட தோளோடு அவன் முழித்தான். “ஏனுங் மாமா, காச்சலுங்களா?” என்றான். சிரித்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

இனி தினமும் கூப்பிடுவேன். செந்திலையும் சேர்த்துத்தான். மம்பட்டியோடு நின்றாலும் கூப்பிடுவேன். இதில் மட்டும் ஒரு சொல்கூடப் புளுகில்லை அக்கா.

நீ முதன்முதலில் கண்ணு என்று கூப்பிட்ட உன் தம்பி,
அந்த இரண்டு தடிமாடுகளுக்கும் மாமன்.