கருந்துறைப் பயற்று வயலுக்குத் தீ வைக்காதிருக்க

நாவற்காடுகளும் வற்றாத ஏரிகளும் உடைய வெண்ணாவல் நாட்டின் அரசி நன்முகை நாச்சியாரின் ஆணைப்படி அமைச்சர் பூதங்கண்ணர், ஆற்றெல்லை காக்கும் கருந்துறைத் தலைவர் ஏறனாருக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையும் குடியும் நலம் பெறுக. இதனைக் கையில் வாங்கும்போது பந்தம் ஏற்றியிருந்தால், முதலில் அதை அணைத்துவிட்டு மேலே வாசிப்பீராக.

உம் மருமகள் நறுவீ இன்று காலை, காலில் ஆற்றுச் சேறு காயாமல் அவை புகுந்தாள். பிறந்த வயலின் மண்ணை மடியில் முடிந்துவந்து, கணவன் வயல் விதையோடு பிசறித் தூவுவது நம் மணப்பெண்களின் வழக்கம். அவளும் அதையே செய்தாள். ஆறு ஒதுக்கிய அந்தப் புதுமணலில் அவள் பயறு கருகருவென்று தழைக்க, அடுத்திருந்த உம் பயறு மஞ்சளித்தது. நீர் அவள் செடியைப் பிடுங்கி, வேரெல்லாம் முடிச்சுகளைக் கண்டு, அவள் கொண்டுவந்த மண் நோய்மண் என்றீர். நாளை வயலுக்குத் தீ, அவளுக்குப் பிறந்தகம் என்று விதித்தீர். உம் மகன் நெடுவேள் வயலைவிட்டு வெளியேற மறுத்து நிற்க, மகன் நின்றாலும் தீ நிற்காது என்று சொல்லியனுப்பினீராம். அதைச் சொன்னபோதுதான் அவள் குரல் உடைந்தது.

ஈரத்துணியில் பொதிந்துவந்த செடியை அவள் நீட்ட, நாச்சியார் ஒரு முடிச்சைக் கீறினார். உள்ளே இரத்தச் சிவப்பு. அரண்மனை மருத்துவர் பின்வாங்கினார், அவை முணுமுணுத்தது. தன் வாழ்வு அங்கேயே முடிந்தது என்று நறுவீ எண்ணினாளாம். ஆயினும், “எங்கள் ஊரில் பயற்று வேர் இப்படித்தான் இருக்கும் தாயே, ஏனென்று எனக்குத் தெரியாது. மாமா என் வயலில்தான் பிடுங்கிப் பார்த்தார். தம் வயலில் கை வைக்க அவருக்கு மனசு வரவில்லை. அதனால் அங்கே ஒரு செடியை நான் திருடினேன்” என்று இரண்டாவது துணியையும் அவிழ்த்தாள்.

உம் செடி மஞ்சளாய்க் கிடந்தது. அதன் வேரில் ஒரு முடிச்சும் இல்லை. அவள் நோய் உம் வயலுக்குத் தொற்றியிருந்தால் முடிச்சு எங்கே என்று நாச்சியார் கேட்டார். அந்த மண்ணில் வந்த கண்காணா உயிர் ஏதோ வேரில் குடிபுகுந்து, இடம் தந்த செடிக்கே உணவூட்டுகிறது போலும் என்பது நாச்சியாரின் துணிபு.

ஆகவே ஆணை: தீ வேண்டாம். நெடுவேளுக்கு நீரே சோறு கொண்டுசென்று கொடுத்து, அவனை வீட்டுக்கு அழைத்து வருவீராக. மாமனார் வயலில் செடி திருடிய குற்றத்துக்கு நறுவீக்குத் தண்டமும் உண்டு. அடுத்த விதைப்பின்போது தன் வயல் மண்ணை ஒரு கூடை சுமந்து உம் வயலில் கொட்ட வேண்டும். அக்கூடையை அவள் தலையில் ஏற்றிவிட வேண்டியவர் நீர்.

நாவலிலை முத்திரை இட்டோம். இவ்வோலையைச் சுமந்து வந்தவளும் அவளே. பசியோடு வந்திருக்கிறாள். வாசித்து முடித்ததும் நிமிர்ந்து, அவளை உள்ளே வா என்று அழைப்பீராக.