திருப்பி மாட்டிப் பார்த்தேன், அக்கா

அக்கா,

பெட்டியைத் திறந்து ஒன்பது நாளாகியும் இதன் காதுப் பஞ்சில் புதுச் செருப்புக்கடை வாசனை போகவில்லை. நீங்கள் ஆர்டர் போட்ட ஹெட்ஃபோன். பெட்டியின் மேல் உங்கள் பெயர்தான் இருக்கிறது. உங்கள் அம்மா இதை என்னிடம் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அப்பா இரும்பு வார்க்கும் பவுண்டரியில் நைட் ஷிஃப்ட். அம்மா தூங்குகிறாள். சமையல்கட்டு பல்பு வெளிச்சத்தில், ரஃப் நோட்டின் கடைசித் தாள்களில் இதை எழுதுகிறேன். இந்த ஹெட்ஃபோனுக்குத் தனியாக ஆம்ப்ளிஃபையர் வேண்டுமா, வேண்டாமா என்று இன்றைக்கே எனக்குத் தெரிந்தாக வேண்டும். வேண்டும் என்றால் நான் பிழைத்தேன். வேண்டாம் என்றால் என் இடது காது போய்க்கொண்டிருக்கிறது.

மாரியம்மன் நோம்பிக்கு முன்பிருந்தே நாம் இதைத்தானே பேசிக்கொண்டிருந்தோம். நம் லைன் வீடுகளின் பொதுக் குழாயடியில் நீங்கள் துவைக்கிற கல் மேல் உட்காருவீர்கள், நான் கவிழ்த்த பக்கெட் மேல். இது இருநூற்றைம்பது ஓம்ஸ், ஃபோனுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது என்றீர்கள். எனக்குப் புரியவில்லை. "மொபெட்ல நெல்லு மூட்டை ஏத்தற மாதிரி அம்மணி. ஓடும். மேடு வந்தா எறங்கித் தள்ளோணும்" என்றீர்கள். அது புரிந்தது. நீங்கள் ட்யூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் ஹெட்ஃபோன் மட்டும்தான் வாங்க முடியும். அதனால்தான் அத்தனை யோசனை.

காந்திபுரத்துக் கடைக்கு என்னையும் கூட்டிப் போனீர்கள். ஆம்ப் இல்லாவிட்டால் இது வெறும் காதடைப்புதான் என்றார் கடைக்காரர். "அப்பக் காதடைப்பு வெலைக்கே குடுங்க, எடுத்துக்கறேன்" என்றீர்கள். அவரே சிரித்துவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில், விற்கிறவர் வேண்டும் என்றுதான் சொல்லுவார், முதலில் வாங்கிக் கேட்டுப் பார்ப்போம், ராத்திரி ஊர் அடங்கினபிறகு பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்டால் ஆம்ப் வேண்டாம் என்று முடிவு செய்தீர்கள். சேர்ந்து கேட்பதாகத்தான் பேச்சு.

செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின வாரம், தண்ணீர் வந்த அன்று, சால்வையைப் போர்த்திக்கொண்டு குழாயடிக்கு வந்தீர்கள். குடத்தைத் தூக்கிவிட உங்கள் கையைப் பிடித்தேன். தோசைக்கல் மாதிரிக் கொதித்தது. என் இடது தோளில் சாய்ந்து காதோரமாகச் சொன்னீர்கள்: "அம்மாகிட்டச் சொல்லீராத கண்ணு. பரிச்சை எழுதிப்போட்டு நானே சொல்லிக்கறேன்."

நான் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் மாத்திரை வாங்கிக் கொடுத்ததே நான்தான். நான்காம் நாள் குளியலறையில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான். மூன்று நாள் முன்னாடியே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று டாக்டர் உங்கள் அம்மாவிடம் சொன்னதை வராந்தாவில் நின்று கேட்டேன். அந்த மூன்று நாளும் என்னிடம்தான் இருந்தது அக்கா. இதுவரை யாருக்கும் தெரியாது.

கருமாதி முடிந்த மறுநாள் பார்சல் வந்தது. உங்கள் அம்மா அதைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, "எங்கிட்டச் சொல்லாததையும் உங்கிட்டச் சொல்லுவாளே கண்ணு. நீயே வெச்சுக்க" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. தெரியாமலேதான் அப்படிச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்தார். கை எரிச்சலுக்கு எங்கள் வீட்டில்தான் மோர் வாங்கி ஊற்றிக்கொண்டார். நியாயம் கிடைக்காதவர்கள் அரைப்பது அது. யார் பேரைச் சொல்லி அரைத்தீர்கள் என்று அம்மா கேட்டாள். "பேரு தெரியலீங்களே. ஆராலே எம்புள்ள போனாளோ, அவுங்கள ஆத்தா கேக்கட்டும்னு அரைச்சுப்போட்டு வந்தனுங்க" என்றார். நான் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே கணக்கை இரண்டு தரம் எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தபோது இடது காதில் தண்ணீர் புகுந்தாற்போல அடைத்திருந்தது. உள்ளே கிரைண்டர் ஓடுகிற இரைச்சல். நீங்கள் ரகசியம் சொன்ன காது.

அன்று மத்தியானம்தான் ஹெட்ஃபோனை முதல் முறையாக மாட்டினேன். சத்தம் சின்னதாக வந்தது. இடது பக்கம் இன்னும் சின்னது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆம்ப் இல்லை, அதனால்தான் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபோனுக்குத் தெம்பு போதவில்லை. காதுக்கு ஒன்றுமில்லை, அம்மனுக்கும் என்மேல் கோபமில்லை. வகுப்பில் இடப்பக்கம் இருக்கிறவள் கூப்பிட்டது கேட்காதபோதும் அதையேதான் சொல்லிக்கொண்டேன், காதில் எதுவும் மாட்டாமல் இருந்தபோதே. அம்மாவிடம் ஆம்ப் வாங்கித் தரச் சொல்லி அழுதேன். "செத்தவ சாமானுக்கு இன்னொரு சாமானா? பரிச்சையப் பாரு கண்ணு" என்றாள்.

இன்று பள்ளி விட்டதும் தனியாகப் பஸ் ஏறி அதே கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இருந்தது. "காதடைப்பு கேட்ட அம்மணி வரலீங்களா?" என்றார். ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். அவர் கைக்கு அடக்கமான ஆம்ப் ஒன்றில் சொருகிக் குமிழைத் திருப்பினார். வலது காதில் மழைத்தண்ணீர் ஓடைபோலச் சத்தம் பாய்ந்தது. இடது காதில் அடுத்த வீட்டு டிவி போல என்னவோ கேட்டது. இன்னும் கூட்டச் சொன்னேன். காது கெட்டுப்போகுமே என்றார் பாவம். இன்னும் கூட்டச் சொன்னேன். வலது பக்கம் வலித்ததே தவிர இடது பக்கம் அப்படியேதான் இருந்தது. நல்லா இருக்குதுங்களா என்றார். சூப்பருங்க, அப்புறமா வாரனுங்க என்று கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அங்கேயே செய்திருக்கலாம். ஒரு நொடி வேலை. செய்யப் பயமாக இருந்தது. உங்கள் பழைய இயர்ஃபோனில் ஒரு பக்கம் சத்தம் போகும்போதெல்லாம் நீங்கள் செய்வதுதான். "திருப்பி மாட்டிப் பாரு. சத்தம் போன பக்கம் மாறுச்சுன்னா ஒயர்ல கோளாறு. மாறலீன்னா..." என்று நிறுத்தி, என் காதைத் திருகி, "இங்க கோளாறு. போய் அழுக்கு எடு" என்பீர்கள். எத்தனை தடவை திருகியிருப்பீர்கள். ஒருமுறைகூட கோளாறு காதில் இருந்ததில்லை.

இந்த ஒன்பது நாளும் ஆம்ப் வேண்டுமா என்று யூட்யூபில் தேடித் தேடிப் படம் பார்த்தேன். இரவல் கிடைக்குமா என்று வகுப்பில் விசாரித்தேன். திருப்பி மட்டும் மாட்டவில்லை.

இப்போது மாட்டினேன் அக்கா. எழுதுவதை நிறுத்திவிட்டு, அம்மாவின் ஃபோனில் சொருகி, கரண்ட் போன அன்று தகரக் கூரை மழையை நீங்கள் பதிவு செய்து அனுப்பினீர்களே, அதைப் போட்டேன். மழை முடிகிற இடத்தில் மைக் செட்காரர் மாதிரிக் குரலை மாற்றிக்கொண்டு, "ஏனுங்க அம்மணி, கேக்குதுங்களா?" என்கிறீர்கள். முதலில் சரியாக மாட்டிக் கேட்டேன். அப்புறம் திருப்பி மாட்டினேன்.

சத்தம் போன பக்கம் மாறவில்லை.

வலது காதில் மட்டும் உங்கள் குரல் கேட்டது. ஆம்ப் இல்லாமலே. பேசுவதற்கு முன்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு மூச்சு இழுக்கிறீர்கள். அது அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. நம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தனி ஆம்ப் தேவையில்லை.

எழுத்து கோடு தாண்டிப் போகிறது. விடியட்டும் என்று தோன்றுகிறது. முதலில் மாதத் தேர்வு முடியட்டும் என்றும் தோன்றுகிறது. அப்படித் தோன்றுகிறபோதுதான் உங்கள் கை எவ்வளவு சூடாக இருந்தது என்று ஞாபகம் வருகிறது. பரிச்சை எழுதிப்போட்டு என்று நீங்கள் சொன்னதை நான் நம்பினேன். நீங்களும் நம்பித்தான் சொன்னீர்கள். எனக்கு இப்போது எத்தனை நாள் இருக்கிறது என்று தெரியாது. எட்டு நாளை ஏற்கெனவே தொலைத்துவிட்டேன்.

ஆத்தா கேட்டாளா, இது வெறும் சீக்கா, எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் சொல்லாமல் வைத்திருந்தால் சரியாகப் போவதில்லை. அம்மாவிடம் காதைப் பற்றி இப்போது. உங்கள் அம்மாவிடம் அந்த மூன்று நாளைப் பற்றி, அவர் முகத்தைப் பார்த்து, நாளைக்கு. அதற்குப் பிறகு அவர் என்னை வாசலில் ஏற்றுவாரோ என்னவோ. இந்த ஹெட்ஃபோனையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிடுவேன். திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

சொல்லீராத என்றீர்கள். உங்கள் பேச்சை நான் தட்டியதே இல்லை அக்கா. இந்த ஒன்றைத் தட்டுகிறேன். திருப்பி மாட்டிப் பார் என்றதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அம்மா புரண்டு படுக்கிறாள். எழுப்பப் போகிறேன். என்ன கண்ணு என்று கேட்பாள். அது கேட்க வேண்டும் என்று அவளுக்கு இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்து, வலது காதைக் காட்டிக்கொள்வேன்.