வலது கால் மட்டும்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதறது. நேரத்துக்குச் சாப்பிடறியா, உடம்பைப் பார்த்துக்கறியா, உன் அறை ஜன்னலைச் சரி பண்ணிக் கொடுத்தாங்களா இல்லையா, எல்லாத்துக்கும் பதில் போடு. இங்கே எல்லாரும் சௌக்கியம், உங்கப்பாவைத் தவிர. பயப்படாதே, அவர் உடம்புக்கு ஒண்ணும் இல்லை, என் வாயில் மாட்டிக்கிட்டு முழிக்கிறார், அவ்வளவுதான். உங்க அக்கா மகனுக்குப் பல் முளைக்குது, முன்னறையில் நாங்க தோல் தைக்கிற இடத்துக்கே தவழ்ந்து வந்து கையில் கிடைச்சதையெல்லாம் கடிச்சு வைக்கிறான். சரி, விஷயத்துக்கு வர்றேன். இதோட வர்ற பொட்டலத்தில் ஒரே ஒரு கால்தான் இருக்கும். இன்னொண்ணு எங்கேன்னு தபால்காரர்கிட்டே சண்டைக்குப் போயிடாதே, நான்தான் வலது கால் மட்டும் அனுப்பியிருக்கேன். பைக் ஓட்டறப்போ பேண்ட்டுக்கு மேலே மாட்டிக்கன்னு அப்பா ரெண்டு காலுக்கும் தோலில் தைச்சு அனுப்பின சாப்ஸைப் போட்டுக்கிட்டு வண்டி எடுக்காதேன்னு போனில் சொன்னப்போ ஏன் ஏன்னு குடைஞ்சே. உங்கப்பா பக்கத்திலேயே நின்னு சொல்லாதே சொல்லாதேன்னு கையை ஆட்டிக்கிட்டிருந்தார், அந்தக் கண்றாவியைப் பார்த்துக்கிட்டு என்னால பேச முடியலை, அதான் எழுதறேன்.

வண்டிக்கு ஸ்டாண்டு சரியாப் போடலை, சாய்ஞ்சு உரசிடுச்சு, பெரிசா ஒண்ணுமில்லைன்னு ஒரு போட்டோ அனுப்பினியே, அதைப் பார்த்ததும் உங்கப்பா போனைச் சட்டுன்னு கவிழ்த்து வச்சார். எனக்கு அங்கேயே பொறி தட்டிடுச்சு. பிடுங்கிப் பார்த்தா, சாப்ஸோட வலது காலில் கருப்பாத் தாள் மாதிரி உரிஞ்சு தொங்குது, அடியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு பஞ்சா என்னமோ தெரியுது. நல்ல தோல் உரசினா கீறல் விழும், சொரசொரன்னு ஆகும், இப்படி உரிஞ்சு தொங்காது. தோலை ரெண்டாச் சீவி மேல் பாதியை எடுத்துட்டு, பலமே இல்லாத அடிப்பாதி மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி விக்கிற சரக்கு அது. பர்ஸ் தைக்கக்கூட நான் கையால தொடமாட்டேன். இந்த வீட்டுக்குள்ளே அது எப்படி வந்ததுன்னு வெட்டுற மேசைக்கு அடியில் கிடந்த சாக்கையெல்லாம் கொட்டினேன். ஒரு இடது கால் கிடக்குது, அருமையான முதுகுத் தோல். உன்கிட்டே ஒரு இடது கால் இருக்கு, அப்போ இது யாருக்கு, என் பொண்ணுக்கு என்ன மூணு காலான்னு கேட்டேன். அப்புறம்தான் மனுஷன் வாயைத் திறந்தார்.

போனில் கூட்டாளிகிட்டே, என் பொண்ணு எவ்வளவு பெரிய வண்டி ஓட்டறா தெரியுமான்னு பெருமையடிச்சுக்கிட்டே வெட்டினாராம். ஒரு காலை வெட்டினதும் பேட்டர்ன் அட்டையைத் திருப்பிப் போட்டுத்தான் அடுத்த காலை வெட்டணும், நேத்து வேலைக்கு வந்தவனுக்குக்கூட அது தெரியும். இவர் திருப்பவே இல்லை. ரெண்டும் இடது காலாப் போச்சு. துணின்னா உள்ளே வெளியே மாத்தித் தைச்சுடலாம், தோலுக்கு முகம் ஒரு பக்கம்தானே. வாங்கின தோலும் அதோட தீர்ந்துடுச்சு. என்கிட்டே சொல்லியிருந்தா நாலு திட்டுத் திட்டிட்டு வேற தோல் வாங்கிக் கொடுத்திருப்பேன். அந்த நாலு திட்டுக்குப் பயந்துக்கிட்டு, அந்தக் கருமத்தை வாங்கிட்டு வந்து, ஓரமெல்லாம் சாயம் பூசி மறைச்சு, பெத்த பொண்ணுக்குத் தைச்சு அனுப்பியிருக்கார். கேட்டா, அவ நிதானமா ஓட்டுவா, விழமாட்டாங்கறார். விழாதவளுக்கு இது எதுக்கு, அழகு காட்டவா? எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பா இருக்கு, சாப்பாட்டுத் தட்டை வச்சுட்டு நகர்ந்துடறேன்.

சரி, நானே போய் வாங்கறேன்னு தோல் கடைக்குக் கிளம்பினேன், அங்கே அதுக்கு மேலே. எண்ணெய்த்தலைன்னு நாம பேர் வச்சிருக்கோமே, அந்தக் கடைக்காரன்தான். முதல்லே பளபளன்னு ஒண்ணை எடுத்து விரிச்சான், மோந்து பார்த்தா பெயின்ட் நாத்தம். மடிச்சு அழுத்தினேன், மடிப்பில் வெடிச்சு வெள்ளையா இளிக்குது. அடுத்தது வயித்துப் பக்கத்துத் தோல், இழுத்தா ரப்பர் மாதிரி வருது, ரெண்டு மழை நனைஞ்சா முட்டிகிட்டே தொளதொளன்னு தொங்கிடும். பொம்பளைங்க போடறதுக்கு இது போதாதாங்கறான். பொம்பளை விழுந்தா ரோடு என்ன மெத்தை விரிச்சு வைக்குமான்னு கேட்டேன், கடையில் இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க, பார்க்கட்டும். மேல் அடுக்கில் இருந்ததையெல்லாம் இறக்க வச்சு ஒவ்வொண்ணாத் தடவிப் பார்த்து, கடைசியில் ஒரு முதுகுத் தோல் தேறினது. கனமா இருக்கு, மடிச்சா மடியுது, விட்டா நிமிருது. அங்கங்கே முள் கிழிச்ச தழும்பு தெரியும், அதுதான் அசல் தோலுக்கு அடையாளம். கருப்பு கொஞ்சம் பழுப்படிக்கும், உன் இடது காலோட ஒத்துப்போகாது. சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும்.

அட்டையைத் திருப்பிப் போட்டு நானே வெட்டினேன். நீ நின்னுக்கிட்டு எடுத்து அனுப்பின அளவை நம்பலை, வண்டியில் உட்கார்ந்து முட்டியை மடக்கினா எல்லாம் மேலே ஏறிக்கும், அதனால கீழே கொஞ்சம் நீளமா விட்டிருக்கேன். படத்தில் காட்டினியே, ஓரத்தில் வரிசையாக் குஞ்சம், அந்தக் கண்றாவி எல்லாம் கிடையாது, செயினில் சிக்கினா உன்னையும் சேர்த்து இழுத்துடும். எந்தப் புத்திசாலி அந்தப் பேட்டர்னை வரைஞ்சானோ, அவன் வண்டி பக்கமே போயிருக்கமாட்டான். இடுப்புப் பட்டையில் பின்னாடி பக்கிளையும் முன்னாடி கயித்தையும் கழட்டினா பழைய வலது கால் தனியா வந்துடும், அந்த இடத்தில் இதை மாட்டிக்கோ. பழசை முழுசாக் குப்பையில் போடாதே, தோல்தானேன்னு யாராவது எடுத்து மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க, கத்தரியால துண்டு துண்டா வெட்டிப் போடு. புது மாடல் மாத்தி அனுப்பறோம்னு எழுதேன்னு உங்கப்பா கெஞ்சினார், முடியாதுன்னுட்டேன். இந்தக் காலுக்குத் துளை போட்டதும் பக்கிள் வச்சதும் அவர்தான், முடியற வரைக்கும் போனைத் தொடலை.

அவரைத் திட்டறதோட நிறுத்திக்கலாம்னுதான் எழுத உட்கார்ந்தேன், மனசு கேக்கலை. அந்தப் போட்டோவைப் பெரிசு பண்ணி மறுபடி பார்த்தேன். நின்ன வண்டி சாய்ஞ்சா தோல் ஒரு இடத்தில் நசுங்கும், மடிப்பு விழும். இதில் முட்டியிலிருந்து கணுக்கால் வரைக்கும் கோடெல்லாம் ஒரே பக்கமா ஓடுது, உள்ளே பேண்ட்டும் கிழிஞ்சிருக்கு. அது ரோட்டில் இழுபட்ட கோடுடி. ஸ்டாண்டாவது சாய்ஞ்சதாவது. மறைக்கறதில் அப்பாவும் பொண்ணும் ஒரே அச்சு, உங்க ரெண்டு பேரையும் நினைச்சா எனக்குப் பத்திக்கிட்டு வருது.

நீ ஒரு குறையும் இல்லாம நூறு வயசு இருக்கணும், அதைத்தான் நான் தினம் கேட்டுக்கறேன். புதுக் கால் பொருந்துதா இல்லையான்னு அப்புறம் சொல்லிக்கலாம். இதுவரைக்கும் மாட்டுத் தோலைத்தான் போட்டோவில் காட்டியிருக்கே. உன் தோலைக் காட்டு.

காத்துக்கிட்டிருக்கும்,
உன் அம்மா