இரண்டு புத்தகத்திலும் ஒரே கஞ்சி

ஆலங்குடி
12-11-1958

சிரஞ்சீவி ஆத்மநாதனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அறந்தாங்கியில் உன் அக்கா அமராவதியும் பிள்ளைகளும் சுகம், லண்டன் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். படிப்பகத்துப் புத்தகத்தை நான் கோபத்தில் கிழித்துப் போட்டேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், அமராவதியும் அதை நம்பி உனக்கு எழுதியிருப்பாள். நான் எந்தப் புத்தகத்தையும் கிழித்தவள் இல்லை. கையெழுத்துப் போட்டு இரண்டு புத்தகம் எடுத்து வந்தேன், மூன்று வாரமாகத் திருப்பித் தரவில்லை, நடந்தது அவ்வளவுதான்.

நீதான் கடிதம் எழுதிக் கேட்டாய். வல்லரசுகள் இரண்டும் தங்கள் கொள்கைக்கு ஆள் சேர்க்கக் கதைகளைத் தமிழில் அச்சடித்து அனுப்புகின்றன, நாடுகளின் பகை கதையை எப்படி மாற்றுகிறது, கதை அந்தப் பகையை எப்படி வளர்க்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி, நம் படிப்பகத்துக்கு என்ன வருகிறது என்று பார்த்து எழுதுங்கள் என்றாய். சரி என்று போனேன். முதலாவது புத்தகம் பொதுவுடைமை ஆட்சியில் மகனைச் சிறைக்குக் கொடுத்த ஒரு தாயின் கதை. இரண்டாவது, முதலாளிகளின் நகரத்தில் ஆலை மூடியதால் மகனோடு பட்டினி கிடக்கும் ஒரு தாயின் கதை. ஒன்றில் மொழிபெயர்த்தவர் பெயரே இல்லை, மற்றதில் யாரோ அழகுமலை என்று போட்டிருக்கிறது. முதல் கதையைப் படித்து நான் அழுதேன், அதை மறைக்கவில்லை. அப்போதுதான் படிப்பகம் பார்த்துக்கொள்ளும் செல்லமுத்து வந்து, ஏங்கம்மா, நீங்க கான்வென்ட்ல படிச்சவுங்க, இந்த ரெண்டு பொஸ்தகத்துலயும் காய்ச்சக்காரப் பிள்ளைக்கு சிஸ்டர் கஞ்சின்னு ஒண்ணு குடுக்கிறாகளே, அது என்ன கஞ்சிங்க, ரெண்டு நாட்டுலயும் அதைத்தான் குடிக்கிறாகளோ என்று கேட்டான். அந்த இரண்டு பக்கத்தையும் அவனைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது.

ஆத்மநாதா, அப்படி ஒரு கஞ்சி தமிழில் இல்லை. திருச்சியில் நான் விடுதியில் இருந்தபோது காய்ச்சல் வந்தால் ஒரு சிஸ்டர் நொய்யைக் குழைய வேகவைத்து, துணியில் வடிகட்டி, சீரகப்பொடி தூவித் தருவார். அதை நம் வீட்டில் வைக்கும்போது நான் இட்ட பெயர் அது. ஒன்பது வயதில் நீ டைபாய்டில் இருபத்தொரு நாள் கிடந்தபோது அதைத்தான் குடித்தாய். ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லும் என்று நினைத்து வளர்ந்திருக்கிறாய். கோவிலை மூடிய தேசத்து அம்மா சிஸ்டர் கஞ்சி வைக்கிறாள், பனி பெய்யும் ஊரில் அதை முந்தானையில் வேறு வடிகட்டுகிறாள். எழுதியவன் யார் என்று வேறு யாராவது எனக்குச் சொல்ல வேண்டுமா.

எனக்குத் தெரியாது என்று செல்லமுத்துவிடம் பொய் சொன்னேன். கூட வந்திருந்த சொர்ணம், வீட்டு வேலை செய்கிறவள், சும்மா இருந்தாளா. தெரியாதுங்கிறீக, போன மாசம் எனக்கே வச்சுக் குடுத்தீகளே என்று ஆரம்பித்தாள். நீ குடிச்சது வெறும் நொய்க்கஞ்சி, வாயை மூடிக்கொண்டு பையை எடு என்று அதட்டி, இரண்டு புத்தகத்தையும் கையோடு கொண்டு வந்துவிட்டேன். அதற்கு நாலாம் நாள் திருச்சியிலிருந்து சாதாரண உடுப்பில் ஒரு போலீஸ்காரர் வந்து, இந்தப் புத்தகங்களை யார் எழுதித் தருகிறார்கள், இந்த ஊரிலிருந்து வெளிநாடு போனவர்கள் யார் யார் என்று செல்லமுத்துவைக் கேட்டிருக்கிறார். செல்லமுத்து நல்லவன்தான், ஆனால் அன்று முதல் என்னைப் பார்த்தால் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறான். சொர்ணத்தை இனி படிப்பகம் பக்கம் கூட்டிப் போவதில்லை. இதை அவர்கள் கண்டுபிடித்தால் உன் பாஸ்போர்ட் போகும், படிப்பும் போகும். உன் போன கடிதத்தின் உறையில் இரண்டு விதப் பசை இருந்தது, யாரோ பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள், அதனால் இதைத் தபாலில் போடாமல், மேல்படிப்புக்குக் கப்பலேறும் ஆவுடையப்பன் மகன் திருப்பதியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவனிடம் எதையும் வாயால் சொல்லி அனுப்பாதே.

நீ ஒரு பக்கம் சேர்ந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், பிறகு விட்டிருப்பேன். இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டையும் தூர நின்று ஆராய்வதாக எனக்கு எழுதுகிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன் கதையைத்தான் நான் படித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டாயா, அல்லது இங்கே யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று என்னை வைத்துப் பார்த்தாயா. நிலக்கடலை இந்த வருஷம் பரவாயில்லை. கம்பளிக் காலுறையை ஈரத்தோடு போடாதே. ஆண்டவன் உனக்கு நல்ல புத்தியும் ஆயுளும் தரட்டும்.

அந்த இரண்டு தாய்மாரில் எவளை நம்பி எழுதினாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். தபாலில் புத்தகத்தின் பெயர் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். முதலாவது, இரண்டாவது, இரண்டும், எதுவுமில்லை, இந்த நான்கில் ஒன்றை உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் அம்மா,
முத்துமாரியம்மாள்