பளபளக்காத தரை

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே மகளிடமிருந்து போன். "அம்மா நடக்க ஆரம்பிச்சுட்டாங்கப்பா. வாக்கர் பிடிச்சுக்கிட்டுதான்." இன்றைக்கே மகள் வீட்டிலிருந்து கூட்டி வந்துவிடலாம் என்று சட்டையை மாட்டினேன். அதற்குள் என் வீட்டுக்காரியே போனை வாங்கிவிட்டாள். "அந்தக் கண்ணாடித் தரையில இனிமே கால் வைக்க மாட்டேன். வேணும்னா நீங்க இங்க வந்து இருங்க."

நாற்பது வருடம் டைல்ஸ் போட்டவன் நான். என் தரையில் முகம் பார்க்கலாம் என்பார்கள். அதிலும் அதிகப் பளபளப்பு என் வீட்டுக் குளியலறைதான். அதில்தான் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கென்ன வேலை? அவள் வர வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 4

ஈரத்தைத் துடைக்காமல் நடந்தது அவள் தப்புதானே என்று காலையில் எழுதினேன். சாயங்காலம் அடித்துவிட்டேன்.

மார்ச் 6

உளியை எடுத்தேன். நானே போட்ட தரை, நானே உடைக்கிறேன்.

சொரசொரப்பான சாம்பல் நிற டைல்ஸ் வாங்கினேன். "இது வண்டி நிறுத்துற இடத்துக்குப் போடறதாச்சே. உங்க வீட்டுக்கா அண்ணே?" என்றார் கடைக்காரர். பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

மார்ச் 11

குளியலறைப் படியை எடுத்துச் சமமாக்கியாகிவிட்டது. சுவரில் பிடிமானக் கம்பியும் ஏறிவிட்டது. நானே தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. எழுபத்திரண்டு வயதில் தொங்குகிற லட்சணத்தை யாரும் பார்க்கவில்லை, நல்லவேளை.

மார்ச் 14

பிசியோதெரபிப் பெண் வீட்டைப் பார்க்க வந்தாள். அவள் சரி என்றால்தான் மகள் அனுப்புவாள். தரை தேறிவிட்டது. கூடத்து விரிப்பைச் சுருட்டச் சொன்னாள், கட்டில் பக்கம் ஒரு சுவிட்ச் வைக்கச் சொன்னாள். பிறகு கம்பியைப் பார்த்தாள்.

"இது யாருக்கு சார்?"

"வீட்டுக்காரிக்குத்தான்."

"அவங்க என்ன உயரம்?"

அளவாகச் சொல்லத் தெரியவில்லை. என் தோளைத் தொட்டுக் காட்டினேன்.

"அப்ப இது உங்களுக்கு மாட்டின கம்பி சார்."

சுருக்கென்றது. ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் நூல் பிடித்து அளந்தவனுக்குக் கட்டியவள் உயரம் தெரியவில்லை. அடச்சீ, நானெல்லாம் ஒரு வேலைக்காரனா?

மார்ச் 15

டேப்போடு மகள் வீட்டுக்குப் போனேன். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்திருக்கும்போது கை எங்கே போகிறது என்று பார்த்தேன். இடது கை போனது. நான் மாட்டியிருப்பது வலப்பக்கம்!

"விழுந்ததுல வலது தோளும்தான் போச்சு. நீங்க கேட்டாத்தானே சொல்ல" என்றாள். நான் அளந்து முடிக்கும்வரை கையை நீட்டிக் காட்டினாள். பிறகு, "நாப்பத்தாறு வருஷத்துல இன்னைக்குத்தான் என்னை ஒழுங்காப் பாக்கறீங்க."

மகள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. டேப்பைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

மார்ச் 18

கம்பி இடம் மாறியது. பிசியோதெரபிப் பெண் வந்து பார்த்து, சரி என்றாள். பழைய துளைகளை அடைத்த தழும்பு தெரிகிறது. தெரியட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

வந்துவிட்டாள்!

நேரே குளியலறைக்குப் போனாள். ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் கொட்டினாள். வாக்கரைக் கதவோரம் விட்டுக் கம்பியைப் பிடித்தாள். ஈரத்தில் ஒரு கால், பிறகு இன்னொரு கால். என் கை தானாக நீண்டது.

"தள்ளி நில்லுங்க."

நின்றாள். அசையாமல் நின்றாள். "பரவாயில்ல" என்றாள். அவள் வாயிலிருந்து பரவாயில்லை வருவதென்றால் எனக்குப் பாராட்டு விழா எடுத்த மாதிரி.

ஏப்ரல் 9

எதிர்வீட்டு அம்மாவை அழைத்துவந்து குளியலறையைக் காட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் இருந்த எனக்குக் கேட்டது. "பாக்க ஒண்ணும் அழகா இருக்காது. காலை வச்சுப் பாருங்க, தெரியும். எங்க வீட்டுக்காரர் போட்டது."

எத்தனையோ பளிங்குத் தரை போட்டிருக்கிறேன். ஒன்றைக்கூட அவள் இப்படிக் காட்டியதில்லை.

அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கும் ஒரு கம்பி வேண்டுமாம். டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் அவரை உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்க்க வேண்டும்.